ஒரு சாண் முன்னால்

செப்டம்பர் 30, சனி

மகள் மெல்போர்ன் விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன டைரி இது. ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறாள். அப்பன் புத்தி. மீதியை நான் எழுதுகிறேன். இந்த ஊரில் தமிழில் வயிற்றெரிச்சலைக் கொட்ட எனக்கு ஆள் இல்லை. இருக்கிற ஒருத்தியைப் பற்றித்தான் எரிச்சலே.

கோகிலவாணி இன்றைக்கும் வந்தாள். மாட்டு டாக்டர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கிப்ஸ்லாந்து மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் அவள் 'கோக்கி'. நாங்கள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் செண்பகவல்லி என்ற பெயரை முழுசாகச் சொல்ல இன்னும் ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. கல்யாணம் ஆகி முறிந்துவிட்டதாம். தனியாக இருக்கிறாள். மிளா வேட்டைக்கு லைசென்ஸ் வேறு வைத்திருக்கிறாள்.

எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் நம் பக்கத்து மிளாவை, கடமானைத்தான், கப்பலில் கொண்டுவந்து இங்கே விட்டானாம். அது மலை முழுக்கப் பெருகிவிட்டது. இவருக்கு அந்த வேட்டைப் பைத்தியம் பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. பால் பவுடர் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை, லீவு நாளில் காடு. முன்பெல்லாம் தனியாகப் போவார். இந்தக் குளிர்காலம் முதல் அவளோடு போகிறார். போய் என்ன? ஒரு மிளாகூட விழவில்லை. மூன்று தடவை குறி தப்பியதாம்.

இன்று இருவரும் கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபியோடு உள்ளே போனதும் பேச்சு நின்றது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார் இவர்.

அவள் காபியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்குதுங்க்கா" என்றாள். இன்னும் குடிக்கவே இல்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

'அண்ணா' என்றுதான் கூப்பிடுகிறாள். ஏனுங்ணா, சொல்லுங்ணா, வாங்ணா. அண்ணா என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? எங்கள் ஊரில் அண்ணா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய் முடிந்த கதை எனக்கே நாலைந்து தெரியும்.

துணி துவைத்தேன். வெயில் இல்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

தபாலில் ஒரு பார்சல். துப்பாக்கியில் மாட்டுகிற தொலைநோக்கி, ஸ்கோப் என்கிறார்கள். அவள் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். நான் மூன்று வருஷமாகச் சமையலறைக்குப் புகைபோக்கி கேட்கிறேன்.

"ஸ்கோப்பு துப்பாக்கி முதுகுல, கண்ணுக்குப் பக்கத்துலதான இருக்கும்? எல்லார்கிட்டயும் அப்படித்தான பாத்திருக்கேன்" என்றேன். எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டத்தான்.

இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "இது லீவர் துப்பாக்கிங்க்கா. இந்தக் கைப்பிடிய இழுத்தா சுட்ட தோட்டாவோட கூடு மேல வழியாத் தெறிக்கும். முதுகுல ஸ்கோப்ப வெச்சா அதுல போய் இடிச்சுக்கும். அதனால முன்னால தள்ளி, குழல் மேல வெக்கோணும். கண்ணுல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும். ரெண்டு கண்ணையும் தொறந்துட்டே பாக்கலாம், காடும் தெரியும், குறியும் தெரியும்."

"அதுக்குன்னு தனி ஸ்கோப்பு இது" என்றார் இவர், அவள் விட்ட இடத்திலிருந்து. ஒருவர் பாட, ஒருவர் சுருதி போட.

நான் உள்ளே போய்க் கத்தரிக்காய் நறுக்கினேன். நறுக்கி முடித்த பிறகுதான் குழம்புக்கு என்று ஞாபகம் வந்தது. பொரியலுக்கு நறுக்கியிருந்தேன்.

அக்டோபர் 14, சனி

எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன்.

சலவை அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கராஜ் முழுக்கத் தெரியும். வேண்டுமென்று பார்க்கவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டைப் பல தடவை மடித்தேன் என்பது வேறு விஷயம்.

துப்பாக்கியை இவர் தோளில் வைத்துக் கன்னத்தை அதன் கட்டையில் சாய்த்து நிற்கிறார். ஸ்கோப்பை ரப்பர் வளையம் போட்டுக் குழல் மேல் தற்காலிகமாகக் கட்டியிருக்கிறார்கள். அவள் பக்கத்தில் நின்று கையை விரித்தாள். கட்டைவிரல் இவர் புருவத்தில். சுண்டுவிரல் ஸ்கோப்பின் விளிம்பில். சாண் அளக்கிறாளாம்! வீட்டில் டேப் இல்லையா? இரும்பு டேப், துணி டேப், என் தையல் டேப், மூன்று இருக்கிறது.

"இன்னும் துளி முன்னால தள்ளுங்ணா. இப்பத் தெரியுதுங்ளா?"

"இப்பத் தெரியுது. வட்டம் முழுசாத் தெரியுது" என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மகள் பிறந்தபோது ஒரு தடவை வந்தது. அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். "டாக்டரம்மாட்ட சாண் போட்டு அளந்து குடுக்கச் சொல்லுங்க" என்றேன். புரியாத மாதிரி தண்ணீர் குடித்தார்.

அக்டோபர் 15, ஞாயிறு

மெல்போர்னிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கையை நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, ஏதோ மாதிரி படித்தார். முகூர்த்த நேரத்தைத் தப்பாகச் சொன்னார். போன மாதம் மெல்போர்ன் கோயிலில் எல்லோர் முன்னாலும் "எங்க வீட்டுக் கிழவனுக்கு வெள்ளெழுத்து வந்துட்டு" என்று நான் சொன்னதும் ஒரே சிரிப்பு. அதை ஞாபகம் வைத்துக்கொண்டோ என்னவோ, இன்று பத்திரிகையைச் சட்டென்று மடித்து வைத்துவிட்டார். சிரிப்புக்குச் சொன்னதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை இவர்.

அக்டோபர் 22, ஞாயிறு

நாளை ஆயுத பூஜை. இந்த ஊருக்கு வந்த நாள் முதல் ஒரு வருஷமும் விட்டதில்லை. கார், புல் வெட்டும் மெஷின், இவருடைய ஸ்பானர்கள், என் தையல் மெஷின், அரிவாள்மனை, அம்மிக்குப் பதிலாக மிக்ஸி. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, இரும்புச் சாமான்களுக்கு ஒரு கை தேங்காயெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். நாளை எதையும் தொடக் கூடாது. நாளை மறுநாள் விஜயதசமி, அன்று எடுத்துத் தொழிலை ஆரம்பிக்க வேண்டும். ஸ்கோப்பையும் அன்றைக்கு மாட்டுவதாக ஏற்பாடு. டாக்டரம்மா வருகிறாள். நல்ல நாள் பார்த்து!

மத்தியானம் கராஜைச் சுத்தம் செய்யப் போனேன். ஒரு வெள்ளைத் துணியில் இரும்புப் பட்டை ஒன்றும் நாலு குட்டி ஸ்க்ரூவும் வரிசையாக வைத்திருந்தார். பட்டையைக் குழல் மேல் வைத்து ஸ்க்ரூ போட்டு, அதன் மேல் ஸ்கோப் உட்காருமாம். ஸ்பிரிட் வாசனை அடித்தது.

ஸ்பானர் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் ஒரு மூக்குக் கண்ணாடி கிடைத்தது. மருந்துக் கடையில் தொங்கவிட்டு விற்கிற ரகம். மெல்லிய சட்டம். இவருக்குக் கண்ணாடி கிடையாது. என்னுடையது கழுத்திலேயே தொங்குகிறது. அப்படியானால் யாருடையது? அவள் கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாமல் போடுவாளாயிருக்கும். என் புருஷனுடைய பெட்டியில் அவள் சாமான் எதற்கு?

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். வந்து உளுந்து அரைத்தேன். இவர் சமையலறை வாசலில் நின்று ஏதோ சொன்னார். துணியில் இருக்கிற ஸ்க்ரூ பற்றி, எண்ணெய் பற்றி. மிக்ஸி சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

சாயங்காலம் எல்லாச் சாமானுக்கும் எண்ணெய் தடவினேன். ஸ்க்ரூக்களுக்கும் பட்டைக்கும் சேர்த்துத்தான். தடவி, துடைத்து, தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பூஜை என்றால் எல்லாவற்றுக்கும்தானே.

அக்டோபர் 23, திங்கள்

பூஜை நல்லபடி முடிந்தது. பொரி, சுண்டல், வடை. துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, காலி என்று திறந்து காட்டி, மனையில் வைத்தார். அலமாரிச் சாவி இவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், அது இங்கே சட்டம். கற்பூரம் காட்டும்போது இவர் வேண்டிக்கொண்ட மாதிரி தெரிந்தது. என்ன வேண்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

மாட்டியாயிற்று.

தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "பொட்டெல்லாம் வச்சிருக்கியே" என்றார். ஸ்க்ரூ தலைகளைத் துணியால் ஒற்றிவிட்டு, ஒரு நீலப் பசையைத் தொட்டுத் தொட்டு மாட்டினார். சுடும்போது துப்பாக்கி உதைத்தாலும் ஸ்க்ரூ ஆடாமல் பிடித்துக்கொள்கிற பசையாம் அது. ஸ்க்ரூவைத் தூரப் பிடித்துத் தூரப் பிடித்துத் துளையில் வைத்தார். ஒன்று இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. பிறகு கதவு நிலையில் ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டார்கள். ஸ்கோப்புக்குள் ஒரு கூட்டல் குறி இருக்கிறதாம், அதன் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இவர் பார்ப்பார், பிறகு அதே கட்டையில் அவள் கன்னம் வைத்துப் பார்ப்பாள், பிறகு இவர். இவர் கன்னம் வைத்த இடத்தில் அவள் கன்னம். அவள் வைத்த இடத்தில் இவர்.

எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. வெப்பமானி வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 28, சனி

சுடுதளத்துக்குப் போய் வந்தார்கள். வரும்போது விசில். காகிதக் குறியைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். ஓட்டைகள் எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் இருந்தன.

"தீபாவளிக்கு மிளாக்கறிதான், ஏளா. நல்லமிளகு வறுத்து அரைச்சு வை."

"அவ வருவாளா?"

"யாரு, கோகிலாவா? பின்ன? அவ இல்லாம ஏது கறி?"

ஆமாம், ஏது கறி.

நவம்பர் 4, சனி

குதிரைப் பந்தய நீண்ட விடுமுறை. விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். காட்டுப் பாதையில் வண்டி மணிக்கணக்கில் குலுங்கும், பிறகு நடை. "அவ முன்னால போவா, தடம் பாக்க. நான் பின்னால" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்?

இரண்டு தனிக் கூடாரம். அதையும் சொன்னார். சொன்னதால்தான் அதிகமாக எரிந்தது.

நவம்பர் 5, ஞாயிறு

வேலை. இல்லத்தில் ஒரு கிழவி தன் புருஷன் செத்துப் பல வருஷம் ஆன பிறகும், அவர் தபால்காரியோடு பேசுகிறார் என்று என்னிடம் புகார் சொன்னாள். "கதவச் சாத்திருவோம்" என்று சமாதானம் சொன்னேன். கதவைச் சாத்தியும் வந்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

மத்தியானம் வந்தார். கறி இல்லை. விசில் இல்லை. பூட்ஸைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்ஸோடு உள்ளே வந்ததற்கு நான் சத்தம் போடவில்லை, அப்படி இருந்தது முகம்.

கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ஆண் மிளா, பெரிய கொம்பு, ஓடைக்கு மேலே நின்றதாம். நல்ல பக்கவாட்டு நிலை. தோளுக்குப் பின்னால் குறிவைத்துச் சுட்டிருக்கிறார். பட்டது பின்னந்தொடையில். அது இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இருட்டும் வரை இரத்தத் தடம் பார்த்துப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஓடைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்ததாம். அடிபட்ட மிளா தண்ணீரைத் தேடிப் போகும் என்றார். கோகிலாதான் கிட்டே போய்ச் சுட்டு முடித்தாள். இவரால் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை.

"ராத்திரி முழுக்க அது தண்ணியில நின்னிருக்கு, செண்பகம்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என் கண்ணு போச்சு. கிட்டத்துல இருக்கது ஒண்ணும் தெரியல, அது தெரிஞ்ச கதைதான். இப்பத் தூரமும் போச்சு. கோகிலா இந்த ஸ்கோப்பு சரிப்படும்னு சொன்னா, அதான் போட்டுப் பாத்தேன். இனிமே வேண்டாம். துப்பாக்கிய அவ பேருக்கே மாத்திக் குடுத்திருதேன்."

பிறகு எழுந்து கராஜுக்குப் போய், ஸ்பானர் பெட்டியிலிருந்து அந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, போட்டுக்கொண்டு, துப்பாக்கி மாற்றும் விண்ணப்பத்தைத் தேட ஆரம்பித்தார்.

மெல்லிய சட்டம். இவர் அகல முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

துப்பாக்கி வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றுதானே இருந்தேன். போகட்டும் என்று படுத்தால் தூக்கம் வரவில்லை. இவர் பக்கத்தில் ஒரு கிழவரைப் போலப் படுத்திருக்கிறார். நான் சிரிப்புக்குச் சொன்னது அப்படியே வந்து படுத்திருக்கிறது.

நவம்பர் 8, புதன்

இவர் ஆலைக்குப் போன பிறகு கோகிலவாணி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஸ்கோப், பட்டை, நாலு ஸ்க்ரூ. காட்டிலேயே கழற்றிவிட்டார்களாம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, பட்டை விரல்ல தொட்டாலே ஆடுச்சுங்க. அதான் குண்டு தள்ளிப் போச்சு. அண்ணன் கண்ணு இல்லீங்க."

அவள் ஒரு ஸ்க்ரூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மரையின் இடுக்கில் குங்குமச் சிவப்பு. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை, கைக்கே தெரிந்தது. தேங்காயெண்ணெய்.

"எண்ணெ இருந்தா அந்தப் பசை பிடிக்காதுங்க. மொதநாள் சுடும்போது தாங்குச்சு, வண்டி குலுங்கினதுல விட்டுருச்சு. பட்டை ஆடுறத அண்ணனுக்குக் காட்டினனுங்க. அதுல என்ன இருக்குதுன்னு இருந்துட்டாரு, அவரு மனசுல கண்ணுதான் ஓடுது. இதைய மட்டும் நான் காட்டலைங்க."

"ஏன் காட்டல?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். சலவை அறை ஜன்னல். பிறகு சொன்னாள்: "நீங்க அங்க நின்னு பாக்குறது எனக்குத் தெரியுமுங்க்கா. என்னைய வீட்டுக்குள்ள கூப்பிட மாட்டீங்களான்னு இருக்கும். இந்த ஊர்ல நான் தமிழ்ல பேசறது உங்க வீட்ல மட்டுந்தானுங்க. அது இல்லாமப் போயிரக் கூடாது. அண்ணன் வெள்ளெழுத்தைய யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு, உங்ககிட்ட முக்கியமா. அதைய மறைக்கப் போயிதான் கதவச் சாத்தினோம்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, சோறு போட வேண்டும் போலவும் இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள். என் ரகசியத்தையும் அவள் வைத்திருக்கிறாள், என் புருஷன் ரகசியத்தையும் அவள் வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் என்னிடம் என்னதான் இருக்கிறது?

"மிளாக்கறி?" என்றேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"என்ற ஃப்ரீசர்ல இருக்குதுங்க. அண்ணன் வேண்டாம்னுட்டாரு. உசுரு போனதுக்கு அப்புறம் அதைய வீணாக்க எனக்கு மனசு வரல."

போகும்போது காபி போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் 'நல்லாருக்குதுங்க்கா' என்றாள். இந்தத் தடவை குடித்துவிட்டுச் சொன்னாள்.

நவம்பர் 10, வெள்ளி

சாயங்காலம் இவர் வந்ததும், "துப்பாக்கிய எடுத்துட்டு கராஜுக்கு வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

எடுத்து வந்தார். திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்து, எனக்கும் காட்டி, மேஜையில் துணி விரித்து வைத்தார். "கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காருங்க. கையக் கட்டிக்கிடுங்க" என்றேன். கோகிலவாணி விட்டுப்போன பையிலிருந்து பட்டையையும் ஸ்க்ரூக்களையும் எடுத்ததும் இவர் முகம் மாறியது.

ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி ஸ்க்ரூக்களைப் போட்டேன். பட்டையை இரண்டு தடவை துடைத்தேன். குழலில் இருக்கும் துளைகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தேன், பஞ்சு வெள்ளையாக வரும் வரை. முதல் குச்சி சிவந்து வந்தது. அதை ஒளிக்கப் பார்த்தேன். இவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காண்ணெ."

நான் அடுத்த குச்சியை எடுத்தேன்.

"பூசைக்குத் தொடச்சியாக்கும்?"

"ஆமா."

"ஸ்பிரிட்டு போட்டு வச்சிருக்கேன், எண்ணெ கிண்ணெ தொடாதன்னு அன்னைக்குச் சமையக்கட்டுல வந்து சொன்னேனே. மிக்ஸி ஓடிச்சு. கேக்கலையோ?"

ஸ்பிரிட் காய்வதற்காக ஸ்க்ரூவை ஊதினேன். இரண்டாவதையும் ஊதினேன்.

"கேட்டுச்சு" என்றேன்.

வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்று, திரும்ப ஆரம்பித்து, திரும்ப நின்றது. இவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அது ராத்திரி முழுக்கத் தண்ணியில நின்னுச்சு, ஏளா" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"நானும் அன்னைக்குக் கண்ணாடி போட்டுருந்தா ஸ்க்ரூவுல எண்ணெ மின்னுறது தெரிஞ்சிருக்கும்."

"போட வேண்டியதுதான? பெட்டிக்குள்ள வச்சிக்கிட்டு?"

"நீ சிரிப்ப."

நான் சிரிப்பேன்தான். ஊர் பார்க்கச் சிரித்தவள்தானே.

பசையைத் தொட்டு முதல் ஸ்க்ரூவைத் துளையில் வைத்தேன். கண்ணாடியைக் கழுத்திலிருந்து எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டுதான். "எதிரும் புதிருமா இறுக்கணும், ஒண்ணையே முழுசா இறுக்கக் கூடாது" என்று இவர் ஆரம்பித்தார். "தெரியும்" என்றேன். எதிரும் புதிருமாக இறுக்கினேன். பட்டைமேல் ஸ்கோப்பை உட்காரவைத்து வளையத்தை லேசாகப் பிடித்துவிட்டு, பூக்கட்டுகிற நூலில் பாக்குவெட்டியைக் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டேன்.

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்க ரெண்டு பேருந்தான். சலவை ரூம்புல இருந்து எல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

துப்பாக்கியை இவர் தோளில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று கையை விரித்தேன். கட்டைவிரல் இவர் புருவத்தில். சுண்டுவிரல் ஸ்கோப்பின் விளிம்பை எட்டவில்லை. என் கை சின்னது, அவளுடையதைவிட. ஸ்கோப்பை ஒரு விரல் அகலம் பின்னால் இழுத்தேன்.

"இப்ப?"

"ஓரத்துல கருப்பு அடிக்கி. வட்டம் முழுசா இல்ல."

அவள் சாண்தான் சரி. பழைய இடத்துக்கே தள்ளினேன். எரிந்தது. தள்ளினேன்.

"இப்பத் தெரியுது" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் என் கட்டைவிரலை உடனே எடுக்கவும் சொல்லவில்லை.

நவம்பர் 11, சனி

சுடுதளம். நானும் போனேன், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு. ஓட்டைகள் எல்லாம் உள்ளங்கைக்குள் வந்தன. கோகிலவாணி பட்டையை விரலால் அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். வரும் வழியில் அவளிடம், "நாளைக்குக் கறிய எடுத்துட்டு வா. காலையிலேயே வா. என்னால ஒத்தையில அவ்வளவும் நறுக்க முடியாது" என்றேன்.

துப்பாக்கி விண்ணப்பம் மேஜையில் அப்படியே கிடக்கிறது. இவர் கிழிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

காலையில் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய்தான். தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவைத்திருக்கிறேன், எவ்வளவு நாளைக்கோ.

அவள் பச்சைப் புடவையில் வந்தாள். என் புடவையைவிட நல்ல நிறம். இடுப்பு வேறு. சரி, கண்ணை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் கூப்பிட்டேன்.

இரண்டு பேரும் கறி நறுக்கினோம். அவள் டாக்டர் கை, எலும்பு சொன்ன இடத்தில் விட்டுக்கொடுத்தது. பின்தொடைத் துண்டு ஒன்றை எடுத்தபோது அவள் கத்தி நின்றது.

"இதுதானா?" என்றேன்.

"பட்ட இடத்தைய வெட்டி எறிஞ்சுட்டனுங்க. இது அதுக்குப் பக்கம்."

"குடு."

நல்லமிளகும் தேங்காயும் வறுத்து அரைத்த மசாலாவில் அதையும் போட்டேன். முதல் கறி எடுத்து வெந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்போதும் இவர் வேலை. இன்றைக்கு நான் எடுத்தேன், அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். வெந்திருந்தது. நான் மெல்லுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் இறங்க நேரமாயிற்று. "நான்தான் தின்னணும், இல்லையா?" என்றேன். அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகுக் காரம் என்று வைத்துக்கொள்ளலாம். அவளுக்கும் வந்தது. அவள் மிளகைத் தொடவே இல்லை.

அப்போது இவர் வாசலில் வந்து நின்றார். மூக்கில் அந்த மெல்லிய சட்டக் கண்ணாடி, எல்லோருக்கும் தெரிய. நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். போக மனமில்லாமல், உள்ளே வரவும் இடமில்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். சலவை அறை ஜன்னல் கண்ணாடியில், என் முகமாக.

"நின்னது போதும். மூணு இலை போடுங்க" என்றேன்.